மலையேறும் முன் நிய்யத்தைச் சரிசெய்யுங்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுகிறது. பிள்ளைகள் வாப்பாவைச் சுற்றி நின்றுகொண்டு, "இந்த வருஷமாவது கொடைக்கானலுக்குக் கூட்டிப் போங்க வாப்பா, ஏரியில் படகில் போக வேண்டும்" என்று கேட்கிறார்கள். உடனே வீட்டில் இரண்டு குரல்கள் கிளம்புகின்றன.

ஒன்று வீட்டுப் பெரியவரின் குரல். "தொழுகிற வீட்டுக்கு உல்லாசப் பயணம் எதற்கு? அந்தப் பணத்தை ஸதகா கொடுத்தால் ஆகிரத்திலாவது உதவும்" என்கிறது அது. மற்றொன்று வாலிபப் பிள்ளையின் குரல். "போவதே இரண்டு நாளைக்குத்தான். அங்கே வந்தும் தொழுகை, தொழுகை என்று கெடுபிடி பண்ணாதீங்க. திரும்பி வந்து களாச் செய்துகொள்ளலாம்" என்கிறது அது.

இந்த இரண்டு குரல்களிலும் மார்க்கம் முழுமையாக இல்லை. முதலாமவர் அல்லாஹ் திறந்து வைத்த ஒரு வாசலை அடைக்கப் பார்க்கிறார். இரண்டாமவர் அந்த வாசல் வழியே போகும்போது அதைத் திறந்து வைத்தவனையே மறந்துவிடப் பார்க்கிறார். நாம் எப்படிப் போக வேண்டும்? இதைத்தான் இந்த மாதம் சிந்திக்கப் போகிறோம்.

பார்க்கச் சொன்னவன் அவனே

திருமறையைத் திறந்து பாருங்கள். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று இவர்கள் கவனிக்க வேண்டாமா என 88ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கிறான். பூமியில் பயணம் செய்து, அவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பாருங்கள் என்ற கருத்தை 29ஆம் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் சொல்கிறான். மலைகளை முளைகள் என்று 78ஆம் அத்தியாயம் வர்ணிக்கிறது. ஆகவே மலையைப் பார்ப்பது வீண் வேலை அன்று. பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் சிந்திக்கும் கல்பு இருக்குமானால் அதுவே ஓர் இபாதத்தாக ஆகிவிடும்.

கொடைக்கானல் மலைகளில் குறிஞ்சி என்றொரு செடி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது பூக்கும். 2006இல் பூத்தது, பிறகு 2018இல் பூத்தது. அதற்குக் கடிகாரம் இல்லை, பாங்கு சொல்வாரும் இல்லை. ஆயினும் படைத்தவன் குறித்த வக்து வந்ததும் மலைச்சரிவெல்லாம் நீல நிறமாக மாறிவிடுகிறது. பகுத்தறிவு கொடுக்கப்பட்ட மனிதனோ, நாளொன்றுக்கு ஐந்து முறை அழைக்கப்பட்டும் வக்தைத் தவறவிடுகிறான்! இந்தச் சிந்தனையோடு மலையைப் பார்த்துவிட்டு வருபவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

ஃபிக்ஹு நூற்களில் ஒரு சொல்

நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூற்களில் முஸாபிரின் தொழுகையைப் பற்றிய பாடத்தில், 'தனஸ்ஸுஹ்' என்றொரு சொல் வருகிறது. பயணத்தில் கிடைக்கும் சலுகைகளைப் பெற வேண்டுமானால் அந்தப் பயணத்துக்கு ஒரு முறையான நோக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில், தனஸ்ஸுஹ் என்பது முறையான நோக்கமே என்று இமாம்கள் எழுதுகிறார்கள். அதே இடத்தில், வெறுமனே ஊர்களைப் பார்த்துக்கொண்டு சுற்றுவதை மட்டும் முறையான நோக்கமாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. தனஸ்ஸுஹ் என்றால், உள்ளத்தில் படிந்த கவலையையும் சோர்வையும் நீக்கிக்கொள்வதற்காக, மனம் விரிவடையும் காட்சிகளை நாடிச் செல்வது. அதாவது, ஒரு நோய்க்கு மருந்து தேடிப் போவது போல. மற்றது, 'நானும் போனேன்' என்று சொல்லிக்கொள்வதற்காகப் போவது. எட்டு இடங்களை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்து, ஒவ்வோரிடத்திலும் செல்பேசியில் படம் பிடித்து, அதை ஊராருக்கெல்லாம் அனுப்பி, யார் யார் பார்த்தார்கள் என்று இரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தால் எந்தக் கவலை நீங்கியது? புதிதாக ஒரு கவலை அல்லவா சேர்ந்தது!

நாயகத் தோழர் ஹன்ளலா (ரலி) அவர்கள் ஒருநாள் மனம் கலங்கி வந்தார்கள். தங்கள் சமுகத்தில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் அதில் பெரும்பகுதி மறந்துபோகிறது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதை நயவஞ்சகம் என்று நாயகம் அவர்கள் சொல்லவில்லை. இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்ற பொருள்பட ஆறுதல் கூறினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இந்த ஹதீஸ் வருகிறது. மனிதனுடைய மனம் களைப்படையும் என்பதை ஒப்புக்கொண்ட மார்க்கம் நம்முடையது.

யாருடைய கவலை இறங்குகிறது?

இங்கேதான், சகோதரர்களே, நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கவலையை இறக்கி வைப்பதற்காகத்தான் பயணம் என்றால், நம் வீட்டில் அதிகமான பாரத்தைச் சுமப்பவர் யார்?

ஓர் இல்லத்தை மனக்கண்ணால் பாருங்கள். நாளைக் காலை வேன் புறப்பட வேண்டும். வீட்டு ஆண்கள் இஷாவுக்குப் பிறகு படுத்துவிட்டார்கள். வீட்டு அம்மாவும் மருமகளும் நள்ளிரவு வரை வெங்காயம் நறுக்குகிறார்கள். இரண்டு மணிக்கு அடுப்பில் பிரியாணிச் சட்டி ஏறுகிறது. குழந்தைகளின் துணி, கம்பளி, பால் டப்பா, மருந்து எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளையை அவர்களே மடியில் வைத்துத் துடைக்கிறார்கள். ஏரிக்கரை வந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் படகுத் துறைக்கு ஓடுகிறார்கள். அந்தத் தாயோ கரையில் பாயை விரித்து, சட்டிக்கும் சாமான்களுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பரிமாறுகிறாள், பாத்திரத்தைக் கழுவுகிறாள். திரும்பி வந்ததும் மூட்டை அழுக்குத் துணி அவளுக்காகக் காத்திருக்கிறது. "ரெண்டு நாள் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். யாருக்கு நன்றாக இருந்தது?

அந்தத் தாய்க்கு நடந்தது தனஸ்ஸுஹ் அன்று. அவளுடைய அடுப்பங்கரையைத் தூக்கிக்கொண்டுபோய் ஏழாயிரம் அடி உயரத்தில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் சென்றுகொண்டிருந்தபோது, உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்னையவர்கள் ஜெயித்தார்கள். நாட்கள் சென்றன. அன்னையவர்களின் உடல் சற்றுக் கனத்திருந்த ஒரு சமயத்தில், வேறொரு பயணத்தில் மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நாயகம் அவர்கள் ஜெயித்து, அன்றைக்கு இது சரியாகிவிட்டது என்ற கருத்தில் சிரித்தார்கள். அகிலத்தின் அருட்கொடையாக அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை இல்லாமலா இருந்தது? ஆனாலும் மனைவியின் மனம் மகிழ ஒரு நேரத்தை ஒதுக்கினார்கள்.

அதே அன்னையவர்களிடம், நாயகம் அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று கூறினார்கள். புகாரியில் உள்ள இந்த ஒரே ஹதீஸில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் வீட்டு வேலையில் கை கொடுக்க வேண்டும். அந்த வேலை தொழுகையை மறக்கடிக்கவும் கூடாது.

எனவே பயணத் திட்டம் போடும்போது முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: சமையலைக் குறைப்போம். ஒரு வேளை ரொட்டியும் பழமும் அவித்த முட்டையும் போதாதா? மலைக்குப் போயும் ஐந்து வகைக் கறி வேண்டுமா? ஹலாலான உணவு கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. அதை முன்கூட்டி விசாரித்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். சாமான்களுக்கு ஆண்கள் முறைபோட்டுக் காவல் இருக்கட்டும். கரையில் இருப்பவளைப் பார்த்துப் பிள்ளை, "உம்மா, நீங்களும் வாங்க, படகுல ஒரு இடம் காலியா இருக்கு" என்று கூப்பிடட்டும். அவள் தக்க ஆடையோடு, தன் மஹ்ரமான ஆண்களோடு, அரைமணி நேரம் தண்ணீரையும் மலையையும் பார்த்து "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி வரட்டும். உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவராக இருப்பவரே என்ற கருத்தில் வரும் நபிமொழியை நிக்காஹ் மேடையில் கேட்டுத் தலையாட்டினோமே, அதை அமல் செய்யும் இடங்களில் ஏரிக்கரையும் ஒன்று.

வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் மறந்துவிடலாகாது. "அவுங்களால ஏற முடியாது, வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தோமா? குளிரும் உயரமும் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் அழைத்துச் செல்லுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். ஒத்துக்கொள்ளாது என்றால், அவர்களுக்குத் துணையும், வேளாவேளைக்குச் சாப்பாடும், மருந்தும் ஏற்பாடு செய்துவிட்டு, அவர்களுடைய துஆவை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். கண்ணீரோடு வாசலில் நிற்கும் தாயைப் பார்த்தும் பாராமல் வேனில் ஏறுகிறவனுக்கு எந்த மலையில் நிம்மதி கிடைக்கும்?

பணம் எங்கிருந்து வருகிறது?

உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தைத் திருமறையின் 7ஆம் அத்தியாயம் 31ஆம் வசனம் நமக்குத் தருகிறது. முன்னிரண்டும் அனுமதி, பின்னது எல்லைக்கோடு. இந்த எல்லைக்கோடு எங்கே என்பதைப் புறப்படும் முன்பே பார்க்க வேண்டும்.

சுற்றுலாவுக்கென்றே வட்டிக்குக் கடன் தருகிறோம், தவணை முறையில் கட்டுங்கள் என்று விளம்பரங்கள் வருகின்றன. இரண்டு நாள் குளிர்ச்சிக்காக இரண்டு வருடம் வட்டி நெருப்பில் நிற்க வேண்டுமா? வட்டிப் பணத்தில் போகும் பயணத்தில் பரக்கத் எப்படி வரும்? அது மட்டுமல்ல. கடைப் பையனின் சம்பளம் பாக்கி இருக்கிறது, கைமாற்று கொடுத்தவர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு காத்திருக்கிறார், ஜகாத் கணக்கு பார்க்கப்படவில்லை என்றால் முதலில் அவற்றை முடியுங்கள். கடன்காரர் உங்கள் படகுப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும்படி செய்யாதீர்கள்.

முடிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அண்டை வீட்டில், அல்லது உறவில், தகப்பனை இழந்த ஒரு பிள்ளை இருக்குமானால் அதையும் உங்கள் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இருக்கைதான். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் மறவாது. "அந்தப் பணத்தை ஸதகா கொடுக்கலாமே" என்று சொன்னாரே பெரியவர், அவருடைய மனமும் இதனால் குளிர்ந்துவிடும்.

தொழுகையைச் சுற்றித்தான் திட்டம்

வாலிபப் பிள்ளை சொன்னதை இப்போது எடுத்துக்கொள்வோம். "வந்து களாச் செய்துகொள்ளலாம்" என்கிறாரே, பயணத்தில் களாவாக்குவதற்கு மார்க்கத்தில் அனுமதி இல்லை. கிடைத்திருப்பது சுருக்கித் தொழும் சலுகை. 4ஆம் அத்தியாயம் 101ஆம் வசனத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. எதிரியின் வாள் எதிரே நிற்கும் போர்க்களத்தில்கூட எப்படித் தொழ வேண்டும் என்று அதற்கடுத்த வசனம் முறை வகுத்துக் கொடுக்கிறது. படகுச் சவாரிக்காகத் தொழுகையை விட எவ்வாறு துணிவது?

சலுகையின் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயண தூரம் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டரை ஒட்டி இருந்தால் கஸ்ரு உண்டு என்று பலர் கணிக்கிறார்கள். அதைவிடக் கூடுதலாகக் கணிக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ கொடைக்கானலுக்குப் புறப்படுகிறவர் எந்தக் கணக்கின்படியும் முஸாபிர்தான். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து ஏறுகிறவர்களுக்கு அந்தத் தூரம் வராது. அவர்கள் முழுமையாகவே தொழ வேண்டும். மதுரை போன்ற இடைப்பட்ட ஊர்க்காரர்கள் தங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

முஸாபிராகிவிட்டால், சொந்த ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகு லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகத் தொழலாம். சுபுஹும் மக்ரிபும் சுருங்கா. ஷாஃபிஈ மத்ஹபின்படி லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழலாம். முற்படுத்திச் சேர்ப்பதென்றால், முதல் தொழுகையிலேயே சேர்க்கும் நிய்யத் வேண்டும்; இரண்டையும் வரிசைப்படி, இடைவெளி விடாமல் தொழ வேண்டும். பிற்படுத்திச் சேர்ப்பதென்றால், முதல் தொழுகையின் வக்து முடியும் முன்பே பிற்படுத்தும் நிய்யத்தை வைத்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபினருக்குக் கஸ்ரு வாஜிப். ஆனால் இவ்வாறு சேர்த்துத் தொழுவது அவர்களுக்கு இல்லை. ஒரே வேனில் இரு மத்ஹபினரும் இருந்தால் ஒருவரையொருவர் குறை சொல்லாமல், அவரவர் வக்துக்கு வண்டியை நிறுத்தி உதவிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது என்று அன்று காலையிலேயே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜும்ஆ கடமையான ஆண், வெள்ளிக்கிழமை சுபுஹு வக்து வந்த பிறகு, வழியில் ஜும்ஆ கிடைக்காது என்ற நிலையில் புறப்படுவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. ஆகவே வியாழக்கிழமை புறப்படுங்கள். அல்லது ஜும்ஆவை முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மலைப்பாதையில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. கொண்டை ஊசி வளைவுகளும் வரிசையாக வரும் பேருந்துகளும் இடம் தரா. எனவே எந்த வக்து எந்த இடத்தில் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். சுபுஹை வீட்டிலோ அடிவாரத்திலோ தொழுதுவிட்டு ஏறத் தொடங்குவது நல்லது. மக்ரிபு நேரம் மலைப்பாதையின் நடுவில் வந்துவிடாதபடி இறங்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். கொடைக்கானல் ஊருக்குள் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தங்கும் விடுதியிலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று விசாரித்துக்கொண்டு அறை பிடியுங்கள்.

பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஒரு விரிப்பைக் கையோடு கொண்டுபோனால், பிறர் நடக்கும் பாதையை மறிக்காமல், ஓரமாக ஒரு புல்வெளியில் தொழுதுகொள்ளலாம். கிப்லா அங்கே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். பகலிலும் பனிமூட்டம் சூரியனை மறைத்துவிடும் ஊர் அது. ஆகையால் திசையையும் வக்தையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுபுஹு நேரத்தில் அங்கே தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். சிரமமான நேரத்தில் ஒளுவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் அமல்களில் ஒன்று என்று நபிமொழி கூறுகிறது. வெந்நீர் கிடைக்கும்போது குளிரைக் காரணம் காட்டித் தயம்மும் செய்ய முடியாது. கடும் குளிரில் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, வெந்நீருக்கும் வழியில்லை என்ற நிலையில்தான் அந்தச் சலுகை. நாம் குளிருக்காகப் போடும் மெல்லிய காலுறைகளின் மீது மஸ்ஹு செய்வதும் நம் இரு மத்ஹபுகளின்படி செல்லாது. கழற்றிவிட்டுக் காலைக் கழுவுங்கள். இரவே வெந்நீருக்குச் சொல்லி வைப்பது வீட்டுத் தலைவரின் வேலை.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. உங்கள் கூட்டத்திலும் ஒருவரை அமீராக்குங்கள். தொழுகை நேரத்தை நினைவூட்டுவதும், பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பதும், வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்வதும் அவர் பொறுப்பு. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். "கெடுபிடி பண்ணாதீங்க" என்று சொன்ன அதே பிள்ளை, "வாப்பா, அஸருக்கு நேரமாச்சு" என்று உங்களை அழைக்கும் நாளை இன்ஷா அல்லாஹ் காண்பீர்கள்.

பாதையும் படகும்

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ 43ஆம் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்களில் இருக்கிறது. இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அவனே, நாம் அவனிடமே திரும்புகிறவர்கள் என்பது அதன் கருத்து. உல்லாசமாகக் கிளம்பும் நேரத்தில் மறுமைப் பயணத்தை நினைவூட்டும் துஆ அது! ஏற்றத்தில் ஏறும்போது தக்பீரும், இறக்கத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வோம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மலைப்பயணத்துக்கென்றே அமைந்தது போன்ற சுன்னத் அல்லவா இது? ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் சேர்ந்து "அல்லாஹு அக்பர்" சொல்லட்டும். வண்டியில் வேறு பாட்டுச் சத்தம் எதற்கு?

ஒரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களைப் பாடி வேகமாக ஓட்டினார். கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறீர், மெல்லச் செல்லும் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்தார்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். தூங்காத ஓட்டுநரை ஓட்டச் சொல்லாதீர்கள். அவருக்கும் சாப்பாடும் படுக்கையும் கொடுங்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

படகில் ஏறும்போது உயிர்காப்பு உடுப்பை எல்லோரும் அணியுங்கள். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அதைக் கழற்றுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற கருத்தே நமக்குக் கற்பிக்கப்பட்டது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கை 2ஆம் அத்தியாயம் 195ஆம் வசனத்தில் இருக்கிறது. பாறை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வாலிபர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர் குழந்தைகளை ஏற்றிச் செல்வார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். களைத்த குதிரையின் மீது இரண்டு பேராக ஏறாதீர்கள். வாயில்லா ஜீவனின் விஷயத்திலும் அல்லாஹ்வை அஞ்சும்படி கட்டளையிடப்பட்டவர்கள் நாம்.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மலை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வாகனங்கள் ஏறிவிடக் கூடாது என்பதுதான் காரணம். புறப்படும் முன் அப்போதுள்ள விதியை விசாரித்து, உண்மையான விவரத்தைக் கொடுத்து அனுமதி பெறுங்கள். தொழுகைக்காக வண்டியை நிறுத்துகிறவர், அதே வண்டிக்குப் பொய் விவரம் கொடுத்துப் பாஸ் வாங்கினால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

அந்தத் தண்ணீர் யாருடையது?

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதன்று. 1863இல், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர், அங்கே ஓடிய நீரோடைகளைக் கரை கட்டித் தேக்கியதால் உண்டானது. சுமார் அறுபது ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவத்தில் அது விரிந்து கிடக்கிறது. கரை இல்லாதிருந்தால் அந்த ஓடைகள் யாரும் கவனிக்காமல் பள்ளத்தில் ஓடி மறைந்திருக்கும். கரை கட்டியதால் நூற்று அறுபது ஆண்டுகளாக மக்களுக்குப் பயன் தருகிறது. நம் ஓய்வு நேரமும் அப்படித்தான். நிய்யத் என்ற கரை இருந்தால் அது தேங்கி நின்று குடும்பத்துக்குக் குளிர்ச்சி தரும். இல்லாவிட்டால் வீணாக ஓடிவிடும்.

மலையேறும்போது வழியில் ஓர் அருவியைப் பார்ப்பீர்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி என்பார்கள். ஏரியிலிருந்து வழியும் நீரே அங்கே வந்து விழுகிறது. எனவே ஏரியில் நாம் எறியும் ஒரு பிளாஸ்டிக் உறை ஏரியோடு நிற்பதில்லை. அது அருவியில் விழும், காட்டில் சிக்கும், காட்டு மிருகத்தின் வயிற்றில் போகும், கீழே உள்ள மக்களின் தண்ணீரில் கலக்கும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நீர் எடுக்கும் இடத்திலும், நடக்கும் பாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தடை இருக்கிறது. சட்டம் வருமுன்னரே நமக்கு ஹதீஸ் வந்துவிட்டதே! வீட்டிலிருந்து தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுபோங்கள். எலும்பையும் மிச்சச் சோற்றையும் கரையில் கொட்டாதீர்கள். ஒரு பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். தொப்பி அணிந்த கூட்டமும் புர்கா அணிந்த கூட்டமும் எழுந்து சென்ற இடம், வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்குமானால் அதுவும் ஒரு தஃவாதான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிற மதச் சகோதரர் நம் கிதாபுகளைப் படிப்பதில்லை. நம்மைத்தான் படிக்கிறார்.

சகோதரர்களே, தாய்மார்களே! பயணம் வேதனையின் ஒரு பகுதி. வேலை முடிந்ததும் விரைந்து வீட்டாரிடம் திரும்புங்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி இருக்கிறது. ஆகவே போதும் என்ற மனத்தோடு, குறித்த நாளில் திரும்பிவிடுங்கள். திரும்பியதும் பெரியவரிடம் போய் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள். அழுக்குத் துணிகளை ஆளுக்குக் கொஞ்சமாகத் துவைத்துவிடுங்கள். அடுத்த நாள் சுபுஹுக்கு வீட்டில் எல்லோரும் எழுந்தால், அந்தப் பயணம் நம் மனத்திலிருந்த சோர்வை உண்மையிலேயே நீக்கியது என்று அறிந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை உன்னை நினைவூட்டும் பயணங்களாக ஆக்குவாயாக! எங்கள் வீடுகளில் ஓயாமல் உழைக்கும் பெண்களுக்கு இம்மையில் இளைப்பாறுதலையும், மறுமையில் ஆறுகள் ஓடும் சுவனபதியையும் தந்தருள்வாயாக! உன் மலைகளையும் உன் நீர்நிலைகளையும் பேணி நடக்கும் நல்லடியார்களாக எங்களையும் எங்கள் சந்ததிகளையும் ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.